ஐம்பத்தெட்டு அங்குலம்

வாயைக் கொப்பளித்துத் துப்பக் குனிந்தவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தது குனிந்தபடி நின்றான். எஃப்ரைன் கொலோனின் இடுப்பு முப்பது வருஷமாக ஊரான் சாமானைத் தூக்கின இடுப்பு. பியானோ தூக்கியிருக்கிறது, இரும்புப் பெட்டி தூக்கியிருக்கிறது, பணக்காரர் வீட்டுக் கல்லறைக்குப் பளிங்கு தேவதை தூக்கியிருக்கிறது. கடைசிப் பத்தொன்பது வருஷமாகப் படங்கள். அதற்கெல்லாம் முனகாத இடுப்பு, ஒரு வாய் எச்சிலுக்குப் படுத்துவிட்டது.

தொட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்ல எழும்பிப் பார்த்தான். பாதி தூரம் வந்தது. அதற்கு மேல் யாரோ பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துப் போனதுபோல நின்றுவிட்டது. கண்ணாடியில் வழுக்கை மட்டும் தெரிந்தது.

வேறு நாளாக இருந்தால் படுத்திருப்பான். இன்றைக்குப் படுக்க முடியாது. போன வாரம் ஓவியக் கேலரிக்காரி வெரீனா ஹால்ஸ்டெட் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "இந்தக் கண்காட்சி ஒழுங்கா திறந்துட்டா உங்கள நிரந்தர ஆளா எடுத்துக்கறேன், எஃப்ரைன்." பத்தாவது அவென்யூவுக்கும் பதினோராவதுக்கும் நடுவில் இருக்கிற அத்தனை கேலரிகளிலும் படம் தூக்குகிறவர்கள் தினக்கூலிகள்தான். போன் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. நிரந்தரம் என்றால் மாதச் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மருத்துவக் காப்பீடு. அந்த அட்டை இல்லாமல் இந்த இடுப்பை ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தாலே இரண்டு மாத வாடகை போய்விடும். அட்டை வருவதற்குள் இடுப்பு போனது வெரீனாவுக்குத் தெரிந்துவிட்டால் அட்டையும் வராது. டயர் இல்லாத லாரியை யார் வாங்குவார்கள்?

ஆகவே கிளம்பினான். ஒன்பதாவது அவென்யூவிலிருக்கும் அவன் குடியிருப்பிலிருந்து கேலரிக்குப் பதினைந்து நிமிஷ நடை. இன்று ஐம்பது நிமிஷம் ஆனது. அதில் பத்து நிமிஷத்தை ஒரு நாய்க்காரப் பெண் எடுத்துக்கொண்டாள்.

"என்ன தொலைச்சீங்க?" என்று நின்றாள்.

"ஒண்ணுமில்ல."

"கான்டாக்ட் லென்ஸா?"

"இல்லம்மா. சும்மா நடக்கறேன்."

"கூச்சப்படாதீங்க, எனக்கும் போன மாசம் விழுந்துச்சு." அவள் குனிந்து தேட ஆரம்பித்தாள். காப்பி வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நடைபாதையில் நான்கு பேர் குனிந்து நின்றார்கள். அதில் மூன்று பேர்தான் தேடினார்கள். கடைசியில் எஃப்ரைன் தரையைத் தொடுவதுபோலப் பாவனை செய்து, "கெடச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். மூவரும் கை தட்டினார்கள்.

கேலரி இருந்தது முதல் மாடியில். கீழே முன்பு டாக்சி ஷெட். அவன் அப்பா அங்கேதான் டாக்சிகளுக்கு ஆயில் மாற்றினார். இப்போது அதே கூரைக்குக் கீழே விற்கிற ஒரு படத்தின் விலையில் பன்னிரண்டு டாக்சி வாங்கலாம்.

தடேக் மரப்பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தான். ஆறடி நாலங்குலம் உயரம், போலந்துக்காரன், எஃப்ரைனோடு ஒன்பது வருஷமாகச் சேர்ந்து தூக்குகிறவன். படியேறி வந்த எஃப்ரைனை மேலிருந்து கீழே பார்த்தான். பார்க்க அதிக தூரம் இல்லை.

"என்ன பெருசு, கூண்டுல அடைச்சுக் கொண்டுவந்தாங்களா?"

"சத்தம் போடாத. இடுப்பு. மேடம் எங்க?"

"உள்ள போன்ல இருக்கா. நீ இப்படியே போனேன்னா கால்ல விழ வந்துருக்கேன்னு நெனச்சுக்குவா."

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. எஃப்ரைன் பக்கத்திலிருந்த பெட்டிமேல் சட்டென்று உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, ஆழ்ந்து யோசிக்கிற ஆள்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

வெரீனா கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள். "நான் ஏர்போர்ட் போறேன். சோரன் லிண்ட் மூணு மணிக்கு இறங்கறார். பதினோரு படமும் நான் வர்றதுக்குள்ள சுவர்ல இருக்கணும். ஆறு மணிக்குத் திறப்பு. நாலாம் நம்பர் பிராட்வெல்லுக்குன்னு பிடிச்சு வெச்சிருக்கேன், அதுக்கு நல்ல இடம்." பிறகு எஃப்ரைனைப் பார்த்தாள். "உங்க கிட்ட விட்டுட்டுப் போறேன். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்."

"ஆகட்டும் மேடம்," என்றான், உட்கார்ந்தபடியே.

"எவ்வளவு அமைதியா இருக்கீங்க. அதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது." அவள் இறங்கிப் போனாள்.

அந்தத் தெருக்களில் எந்தக் கேலரிக்குள் நுழைந்தாலும் படத்தின் நடுமையம் தரையிலிருந்து ஐம்பத்தெட்டு அங்குலத்தில் இருக்கும். யார் வைத்த சட்டமோ. ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மற்றவர்கள் இன்ச் டேப்பை நீட்டி அளப்பார்கள். எஃப்ரைனுக்கு டேப் தேவையில்லை. வேலை பூட்ஸ் போட்டுக்கொண்டு சுவரை ஒட்டி நின்றால் அவனுடைய மோவாய் சரியாக ஐம்பத்தெட்டு அங்குலம். மோவாய் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். அதுதான் அளவு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நம்பாமல் டேப் வைத்துப் பார்ப்பார்கள், பீர் வாங்கிக் கொடுப்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவன் ஒரு பீருக்கும் காசு கொடுத்ததில்லை.

இன்றும் சுவரிடம் போனான். மோவாயை வைத்தான். புள்ளி வைத்தான்.

தடேக் அந்தப் புள்ளிக்கு நேராக லேசர் கருவியை வைத்து நான்கு சுவரிலும் சிவப்புக் கோடு ஓட்டினான். கோட்டைப் பார்த்து அளந்து டிரில் போட்டான். படம் ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம்தான், ஆனால் உடைத்த கப்பலின் இரும்புத் தகட்டில் வரைந்தது. ஒரு படத்துக்கு இரண்டு ஓட்டை, இரண்டு பிளக், இரண்டு தடித்த ஸ்குரு. பதினொன்றிலும் வரைந்திருந்தது மூடுபனி. சாம்பல் நிறத்தில் ஏரி, சாம்பல் நிறத்தில் வானம், நடுவில் எது எது என்று தெரியாத சாம்பல்.

தடேக்குக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த உயரத்துக்காரனுக்கு உலகத்தில் எல்லாமே கீழேதான் இருக்கிறது. ஐம்பத்தெட்டுக்கும் மற்றதுக்கும் அவன் குனிகிற குனிவு ஒன்றேதான். எஃப்ரைன் ஒவ்வொரு படம் மாட்டின பிறகும் எட்டத்தில் போய் நின்று பார்த்தான். கண்ணுக்கு நேராக, கச்சிதமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு எடுப்பாக எதையும் மாட்டியதில்லை என்றுகூட நினைத்தான்.

நாலரை மணிக்கு வேலை முடிந்தது. இனி வெரீனா வந்துவிடுவாள், உட்கார்ந்தே ஒரு திறப்புவிழாவை ஓட்ட முடியாது.

"திரும்பி நில்லு," என்றான் தடேக். "எங்க ஊர்ல குதிரைக்கு இப்படித்தான் பண்ணுவாங்க."

"நான் குதிரை இல்லடா."

"குதிரையா இருந்தா இவ்ளோ பேசாது." பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான், தரையிலிருந்து தூக்கினான், சாக்கு மூட்டையை உதறுவதுபோல ஒரு உதறு உதறினான். மரப்பெட்டியின் பலகை பிளக்கிற சத்தம் ஒன்று கேட்டது. எஃப்ரைனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கால் தரையில் பட்டபோது நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். வலி இருந்தது, ஆனால் நேராக நிற்கிற வலி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"டேய், படத்த யாரு எறக்குனது?"

"எந்தப் படத்த?"

"எல்லாத்தையும்."

தடேக் சுவரைப் பார்த்தான், எஃப்ரைனைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான். கருவிப் பெட்டிக்குப் போய், ஒன்பது வருஷமாகச் சுருள் பிரிக்காத டேப்பை எடுத்து வந்தான். தரையிலிருந்து நீட்டினான்.

"நாப்பத்தேழு."

"திரும்ப அள."

"நாப்பத்தேழு, பெருசு. கெழவன் மாதிரி கூனிப்போய் மோவாய வெச்சுட்டு வந்துருக்க. எனக்கு ஒரு பீர் தரணும் நீ."

எஃப்ரைன் கணக்குப் போட்டான். பதினோரு அங்குலம் மேலே ஏற்றினால் பழைய ஓட்டை ஒவ்வொரு படத்துக்கும் கீழே பல்லிளித்துக்கொண்டு நிற்கும். இருபத்திரண்டு ஓட்டை. பிளக்கைப் பிடுங்க வேண்டும், பட்டி வைக்க வேண்டும், காய வேண்டும், தேய்க்க வேண்டும், இரண்டு கை வெள்ளை அடிக்க வேண்டும். அசுர வேகத்தில் செய்தாலும் நாலு மணி நேரம். கையில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம்.

"தரைய பதினோரு அங்குலம் கீழ எறக்கிடலாமா?" என்று தடேக் கேட்டான்.

அந்த நேரத்தில் படியில் பேச்சுக் குரல் கேட்டது.

வெரீனா முன்னால் வந்தாள், பின்னால் ஓவியர். சோரன் லிண்ட் ஒல்லியாக, விமானத்தில் தூங்காத முகத்தோடு இருந்தார். இரண்டு பேரும் அறையின் நடுவில் வந்து நின்றார்கள். எஃப்ரைன் கதவோரமாக, ஆணி அடித்ததுபோல நேராக நின்றான். போய்விட்டது வேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

வெரீனா ஓவியரைப் பார்த்தாள். ஓவியர் வெரீனாவைப் பார்த்தார்.

"இப்படித்தான்... இல்லயா?" என்றாள் வெரீனா.

"இப்படித்தான்," என்றார் லிண்ட் மெதுவாக. "உங்களுக்குத் தோணினது சரின்னுதான் நானும்..."

"இல்லல்ல, உங்களுக்குத் தோணினதுதான் எனக்கும்."

இரண்டு பேரும் வெகு நேரம் தலையாட்டினார்கள். அவள் அது ஓவியரின் ஏற்பாடு என்று நினைத்தாள், அவர் அது கேலரிக்காரியின் ஏற்பாடு என்று நினைத்தார். அந்தத் தெருக்களில் ஒருத்தர் செத்தாலும் சாவார், "இது ஏன் இப்படி இருக்கு" என்று கேட்கமாட்டார். கேட்டால் புரியவில்லை என்று ஆகிவிடும்.

வெரீனா எஃப்ரைன் பக்கம் வந்து காதோடு சொன்னாள்: "அவர் நேரா உங்களுக்கே போன் பண்ணிட்டாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

எஃப்ரைன் இருமினான். பொய் சொல்லவில்லை. இருமினான், அவ்வளவுதான்.

"பரவால்ல. சொன்னத சொன்னபடி செஞ்சிருக்கீங்க," என்றாள்.

ஆறு மணிக்கு ஜனம் வந்தது. வியாழக்கிழமை, தெரு முழுக்கத் திறப்புவிழா, ஒரு கேலரியில் ஒயின் முடிந்தால் அடுத்த கேலரிக்கு நகர்கிற கூட்டம். வழக்கமாக அவர்கள் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவார்கள். இன்று அது நடக்கவில்லை. முதலில் உள்ளே வந்த பெண் சுவரைப் பார்த்துத் திகைத்தாள், பிறகு குனிந்தாள். அவள் குனிந்ததைப் பார்த்து அடுத்தவர் குனிந்தார். பத்து நிமிஷத்தில் அறை முழுக்கப் பின்பக்கமாக இருந்தது.

"எவ்வளவு பணிவு," என்றார் கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தர்.

"ஏரியில தண்ணி குடிக்க வந்த மிருகம் மாதிரி நம்மள ஆக்கிடறார் பாருங்க," என்றார் இன்னொரு கறுப்புச் சட்டை.

ஒரு அம்மாள், நாலடி ஒன்பதங்குலம்தான் இருப்பாள், எழுபது வயது, பித்தான் கம்பெனி வைத்திருப்பவள், குனியாமலே நேராக நின்று பார்த்தாள். "நாப்பது வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன்," என்று வெரீனாவிடம் சொன்னாள். "இன்னிக்குத்தான் படத்தோட மேல்பாதிய பாக்கறேன். ஏழாம் நம்பர் எனக்கு." வெரீனா ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில், விற்றாயிற்று என்பதற்கு அடையாளமாக, சிவப்புப் பொட்டு ஒட்டினாள். எஃப்ரைனைப் பார்த்துச் சிரித்தாள். எஃப்ரைன் இடுப்பை இறுக்கிக்கொண்டு சிரித்தான்.

ஆறரைக்குக் கார்ல்டன் பிராட்வெல் வந்தார். மெத்தை வியாபாரி. டிவி பார்க்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். 'பிராட்வெல்லில் படுத்தால் முதுகு உங்களை மறந்துவிடும்' என்று சொல்லி, தானே குனிந்து பாதத்தைத் தொட்டு நிமிர்ந்து காட்டுவார். பெரிய உடம்பு. நேரே நாலாம் நம்பரிடம் போனார், குனிந்தார், அப்படியே நின்றார்.

ஐந்து நிமிஷம் நின்றார். பத்து நிமிஷம் நின்றார். கூட்டம் கவனிக்க ஆரம்பித்தது. அந்தத் தெருக்களில் ஒரு படத்தைப் பத்து நொடிக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. வெரீனா விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் தள்ளி நிறுத்தினாள். "தொந்தரவு பண்ணாதீங்க. படத்துக்குள்ள போயிட்டார்," என்று கிசுகிசுத்தாள். சோரன் லிண்ட் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபது நிமிஷம் ஆனபோது எஃப்ரைன் பார்த்தது வேறு. பிராட்வெல்லின் இடது கை சுவரை மெல்லத் தடவிப் பிடிமானம் தேடியது. மூச்சு மூக்கு வழியாகத் துண்டு துண்டாக வந்தது. இன்று காலையில் அதே மூச்சை அவன் விட்டிருந்தான். பக்கத்தில் போய், படத்தைப் பார்ப்பதுபோல நின்றான்.

"சார், இடுப்பா?"

"வாய மூடு," என்றார் பிராட்வெல், உதட்டை அசைக்காமல்.

"பிடிச்சு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"குனிஞ்சப்பவே. இந்தப் படத்துல ஒரு படகு இருக்குன்னு விலைப்பட்டியல்ல போட்டிருக்கு. இவ்ளோ நேரமா தேடறேன். இல்ல."

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"கூப்பிட்டே, கொன்னுடுவேன். நான் மெத்தை விக்கறவன்யா. ஸ்ட்ரெச்சர்ல என்னைப் போட்டோ எடுத்தா நாளைக்கு ஒருத்தன் வாங்குவானா?"

எஃப்ரைன் வெரீனாவிடம் போய்ச் சொன்னான். அவள் முகம் சுவரின் நிறத்துக்கு வந்தது. "என்ன பண்றது?" என்றாள்.

"பொருள் மாதிரி எடுத்துட்டுப் போயிடலாம் மேடம். அது எங்களுக்குத் தெரியும்."

தடேக் வெள்ளைக் கையுறை, போர்வைகள், துணிப்பட்டைகள், சக்கரப் பலகை எல்லாம் கொண்டுவந்தான். சும்மா தூக்க அவன் சம்மதிக்கவில்லை. எந்தப் பொருளையும் நகர்த்துவதற்கு முன்னால் அதில் ஏற்கெனவே இருக்கிற கீறல், சிராய்ப்பு எல்லாம் எழுதி வைத்துக்கொள்வது தொழில் வழக்கம். இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்ததும் "நீதான் உடைச்சே" என்பார்கள். தாளை எடுத்துப் பிராட்வெல்லைச் சுற்றி வந்தான்.

"உச்சந்தலைல முடி இல்ல, பழைய சேதம். இடது காதுகிட்ட கீறல், ஷேவிங்ல வந்தது. கோட்டுல ஒயின் கறை, புதுசு. மத்தபடி பொருள் நல்லா இருக்கு. கையெழுத்துப் போடறீங்களா?"

"போடறேன், சீக்கிரம் தொலைங்க," என்றார் பிராட்வெல்.

தலையிலிருந்து முழங்கால் வரை போர்வையைப் போர்த்தி, மூன்று இடத்தில் பட்டை கட்டி, அப்படியே வளைந்த வாக்கில் சக்கரப் பலகையில் ஏற்றினார்கள். கூட்டம் வழிவிட்டது. கையுறை போட்ட இரண்டு பேர் போர்வை மூடின எதையாவது தள்ளிக்கொண்டு போனால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை பெய்வதைப்போல அது தினமும் நடப்பதுதான். ஒரே ஒருத்தர் மட்டும், அவரும் கறுப்புச் சட்டைதான், கொஞ்சம் நின்று பார்த்தார்.

"நல்ல கனமா இருக்கு. எந்த வருஷத்து வேலை?"

"அறுபத்திரெண்டு," என்றான் தடேக்.

"அறுபத்திநாலு," என்றது போர்வை.

சரக்கு லிஃப்ட் பூட்டியிருந்தது. அதன் ஆள் ஆறு மணிக்குச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவார், உள்ளே தீப்பிடித்தாலும் போய்விடுவார். மீதி இருந்தது படிக்கட்டு. பதினான்கு படி.

படியில் பாரம் இறக்கும்போது கீழே நிற்கிறவன்தான் தூக்குகிறவன். மேலே நிற்கிறவன் வெறுமே பிடித்துக்கொண்டு வருகிறவன். அதனால் இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு: இன்று நீ கீழே என்றால் நாளை நான் கீழே. யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு வெண்கல எருமைத் தலையை இறக்கினபோது தடேக் கீழே நின்றிருந்தான். ஆகவே இன்று எஃப்ரைன் முறை. எஃப்ரைன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் படியில் காலை வைத்தான்.

தடேக் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் கீழே இறங்கி நின்றான்.

"என் முறைடா."

"இடுப்பு ஒண்ணு ஏற்கெனவே போர்வைக்குள்ள இருக்கு. ரெண்டாவத யாரு தூக்கறது? பிடி."

இருநூற்று நாற்பது பவுண்டு இருக்கும். படிக்குப் படி தடேக்கின் கழுத்து நரம்பு கயிறாக எழும்பியது. ஏழாவது படியில் போர்வை பேசியது.

"இப்பத்தான் புரியுது. அதுல படகே இல்ல. அந்த ஆளு வரையவே இல்ல."

"தலைய ஆட்டாதீங்க சார்," என்றான் தடேக் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு படத்த அரை மணி நேரம் பாத்தா எந்தப் படமும் தாங்காது போல. வேண்டாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு."

கீழே வேனில் அவரைப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்து, சுவரோடு பட்டை போட்டுக் கட்டி, எழுபத்தி மூன்றாவது தெருவில் அவர் வீட்டு வாசலில் டாக்டரிடம் ஒப்படைத்தார்கள். டாக்டர் ரசீது மாதிரி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். போன வழியில் புதிதாக ஒரு கீறலும் இல்லை.

படம் வேண்டாமென்று பிராட்வெல் சொன்னதை வழியிலேயே வெரீனாவுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கூட்டம் போய்விட்டிருந்தது. வெரீனா போனைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"வக்கீல்கிட்ட பேசினேன். பிராட்வெல் கேஸ் போடமாட்டார், ஆனா அவர் பொண்டாட்டி போடுவாளாம். வெளியாள் தூக்கினா முழுப் பொறுப்பும் என் தலையில. கேலரி ஆள் தூக்கியிருந்தா கேலரியோட காப்பீட்டுக் கம்பெனி பாத்துக்கும்." ஒரு காகிதத்தை இழுத்தாள். "அதனால இன்னிக்குக் காலைலேர்ந்தே கேலரி ஆள்னு போட்டுடறோம். நாலாம் நம்பர் போச்சு. வித்தது ஒரே ஒரு படம். என்னால ஒருத்தரத்தான் எடுக்க முடியும். எடுத்தா, தூக்கின ஆளத்தான் எடுக்கணும்னு வக்கீல் சொல்றார். படியில கீழ்ப்பக்கம் நின்னது யாரு?"

எஃப்ரைன் தரையைப் பார்த்தான். தடேக்கின் சட்டை இன்னும் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பட்டை அறுத்த சிவப்புக் கோடு இருந்தது. கண் உள்ளவர் யாரும் கேட்கத் தேவையில்லாத கேள்வி.

"மேடம், கீழ நின்னது..." என்று எஃப்ரைன் ஆரம்பித்தான்.

"பெருசுதான்," என்றான் தடேக். "நான் மேல நின்னு சும்மா பேசிக்கிட்டு வந்தேன். வாய் வலிக்குது."

வெரீனா இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று சொல்ல முடியாது. கேட்பது அந்தத் தெரு வழக்கம் இல்லை. காகிதத்தை எஃப்ரைன் பக்கம் தள்ளினாள். மேசை தாழ்வாக இருந்தது. எஃப்ரைன் காகிதத்தை எடுத்துச் சுவரில் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டான்.

"மருத்துவ அட்டை எப்ப வரும் மேடம்?"

"வேலைக்குச் சேர்ந்து தொண்ணூறு நாள் கழிச்சு."

"இன்னிக்குக் காலைலேர்ந்து கணக்கா?"

"ஆமா. ஒரு நாள் போச்சுன்னு வெச்சுக்கோங்க."

வெளியே வந்து படியில் இறங்கினார்கள். எஃப்ரைன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க, தடேக் கீழே போய் நின்று காத்திருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில வேலை பாக்கறா. அவ அட்டையில நானும் இருக்கேன். உனக்கு யாரு இருக்கா?"

"அதுக்காக..."

"சும்மா ஒண்ணும் குடுக்கல. கணக்கு கணக்குதான். செவ்வாய்க்கிழமையும் நான் கீழ, இன்னிக்கும் நான் கீழ. தொண்ணூறு நாள் ஆகட்டும், டாக்டர்ட்ட போ, இடுப்ப சரி பண்ணிக்கோ. அப்பறம் வாங்கிக்கறேன்."

"எருமைத் தலை அளவு போதுமா?"

"போதாது. பிராட்வெல் அளவு வேணும்."

"சரி," என்றான் எஃப்ரைன். பதினான்கு படி, கீழ்ப்பக்கம், இருநூற்று நாற்பது பவுண்டு. அவன் தடேக்குக்குத் தரவேண்டியது அது. இன்னும் தரவில்லை.